தேக்காவில் ஒரு காதுகுத்து

காது குத்துவதற்காக வெளிநாடு போனவர்கள் பேராவூரணிப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். நான் போனேன்.

என் மகள் இனியாவுக்கு இரண்டு வயது எட்டு மாதம். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை வயது நடக்கும்போதுதான் எங்கள் வீடுகளில் காது குத்துவார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். இனியாவின் தாய்மாமன், என் தம்பி குமரேசன், சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். நடுவில் ஒருமுறை ஊருக்கு வர இருந்தான். கம்பெனி மாறியதில் அந்த விடுப்பு போய்விட்டது. அடுத்த விடுப்பு வருவதற்குள் இவளுக்கு நாலு நடக்க ஆரம்பித்துவிடும்.

“அஞ்சு வயசு வரைக்கும் மூளிக் காதோட விடப்போறியா? ஒன் பெரியப்பா மகன் இருக்கான்ல, அவன் மடி மடியில்லையா?” என்றார் என் மாமியார்.

நியாயமான கேள்விதான். ஆனால் என் கல்யாணத்தில் பொரி போட வேண்டிய கை குமரேசனுடையது. போட்டது பெரியப்பா மகன். பிறந்த குழந்தையை வந்து பார்க்க வேண்டிய மாமன் அவன். வந்து பார்த்ததும் பெரியப்பா மகன்தான். மூன்றாவது முறையும் ஆளை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. மாமன் வர முடியாவிட்டால் பிள்ளை போகட்டும் என்று ஏதோ ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு இரண்டு மாதம் தூக்கம் இல்லை. மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தும் எனக்குக் கிடைத்தது. காய்ச்சல் மருந்து இரண்டு பாட்டில், ஒன்று உடைந்தால் இன்னொன்று என்று எடுத்துக்கொண்டு, பதினொரு நாட்களுக்கு நானும் இனியாவும் கிளம்பினோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் புக்கிட் பாத்தோக்கில் பதினொன்றாவது மாடி வீடு ஒன்றில் பெட்டியை இறக்கினேன். என்னுடன் வேலை பார்க்கும் ஆயிஷாவின் நாத்தனார் நசீமா அக்காவின் வீடு. பிறந்து வளர்ந்தது எல்லாம் சிங்கப்பூரிலேயே. நாற்பதைத் தாண்டியவர், பேருந்து ஓட்டுகிறார். அந்த வேலைக்கு இங்கே ‘பஸ் கேப்டன்’ என்று பெயர். உள்ளே நுழைந்ததும் நான் செய்த முதல் வேலை, ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தது.

“எல்லா கிரில்லும் லாக் பண்ணியாச்சு லா. எங்க வீட்லயும் புள்ள வளந்திருக்கு” என்றார் நசீமா அக்கா, சிங்கப்பூர்ப் பேச்சுக்கு வாலாக வரும் அந்த ‘லா’வோடு. எனக்கு வெட்கமாகிவிட்டது. இருந்தாலும் அவர் குளிக்கப் போனபோது இன்னொரு முறை அசைத்துப் பார்த்தேன்.

எதிர் அடுக்குமாடியில் ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் கழிகள் நீண்டு, அவற்றில் சட்டையும் பேண்ட்டும் காய்ந்தன. பத்து மாடிக்குக் கீழே யாரோ நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் மொட்டை மாடிக் கொடியில் காய்வது காற்றில் பறந்தால் பக்கத்து வீட்டில் போய் வாங்கிக்கொள்ளலாம். இங்கே பறந்தால் யார் வீட்டில் போய்க் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போனோம். லிட்டில் இந்தியா என்று பலகையில் எழுதியிருப்பதை நம் ஆட்கள் தேக்கா என்றுதான் சொல்கிறார்கள். அன்று அந்த இடம் முழுக்க ஆண்கள். பட்டுக்கோட்டைக் கடைவீதியில் தீபாவளிக்கு முதல் நாள் கூட்டத்திலிருந்து பெண்களை மட்டும் எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. நான் கைப்பையை முன்னால் இழுத்து வயிற்றோடு பிடித்துக்கொண்டேன். இவர்கள் எல்லாம் என் தம்பி மாதிரி ஆட்கள்தானே என்று தோன்றியது. கையைத் தளர்த்தினேன். நாலு அடியில் கை மறுபடி இறுகிவிட்டது.

ஃபேரர் பார்க் பக்கத்தில் ஒரு திடல். அங்கேதான் குமரேசன் வரச் சொல்லியிருந்தான். ஒவ்வோர் ஊர்க்காரர்களுக்கும் அந்தப் புல்லில் ஓர் இடம் உண்டு. பலகை, கோடு எதுவும் கிடையாது. ஆனால் அறந்தாங்கி ஆள் போய் மன்னார்குடி இடத்தில் உட்கார மாட்டார். பேராவூரணிக்காரர்கள் ஒரு வேலி ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்டிக் விரிப்பு, நடுவில் புளிச்சோற்றுப் பொட்டலங்கள், பொரித்த கோழி.

அங்கிருந்து ஒருவன் எழுந்து ஓடி வந்தான். மீசை இல்லை. காதுக்கு மேல் ஒட்ட வெட்டிய முடி. மடிப்புக் கலையாத புதுச் சட்டை. கமகமவென்று வாசனை. இது என் தம்பி என்று புரிய எனக்கே இரண்டு நொடி ஆனது. இனியா பார்க்கும் முதல் நாள் என்று அவன் முந்தின நாள் சலூனுக்குப் போய் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு வந்திருந்தான்.

“இனியாக்குட்டி, மாமாடா” என்று இரண்டு கையையும் நீட்டினான்.

இனியா என் கழுத்தை இறுக்கிக்கொண்டு அலறினாள். “மாமா வேணும், மாமா வேணும்” என்று அழுதாள். மாமா அவள் முன்னால் கையை நீட்டியபடியே நின்றான்.

பக்கத்து ஊர்க்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் போனில் பேச வைத்தது நான்தான். போனில் இருப்பது ஒரு மனுஷன் என்று சொல்லித் தராததும் நான்தான்.

“டீச்சரம்மா, நின்னுக்கிட்டு இருக்காதீங்க, இப்படி உக்காருங்க” என்று ஒருவர் விரிப்பில் இடம் ஒதுக்கினார். குமரேசனின் அறையில் மேல் கட்டிலில் படுப்பவர், முத்து அண்ணன். சிங்கப்பூருக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆனவர். ஊரில் இரண்டு பெண்கள். “இதுக்கெல்லாம் கண்ணக் கசக்குனா எப்படி? நான் மொதத் தடவை லீவுக்குப் போனப்ப ரெண்டு நாள் பொறுத்துப் பாத்துட்டு எம் பெரிய மவ அவங்க அம்மாக்கிட்ட கேக்குறா, ‘இந்த ஆளு எப்பம்மா போவாரு’ன்னு.”

“எங்க வீட்ல அங்கிள்னான்” என்றார் ஒருவர்.

“ஒன்னையவாச்சும் அங்கிள்னான். என்னையப் பாத்துட்டு ஓடிப்போயி நாய அவுத்து விட்டான் எம் மவன்” என்றான் அய்யப்பன். அவனும் அதே அறைதான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

பிறகு ஆளுக்கு ஒரு யோசனை. முகத்தைப் பார்க்கக் கூடாது. கையை நீட்டவே கூடாது. மிட்டாய் கொடுத்தால் மிட்டாயை வாங்கிக்கொண்டு ஓடிவிடும், அதனால் கொடுக்கக் கூடாது. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து எதையாவது தின்ன வேண்டும்; அதுவாக வந்து தட்டும். இதையெல்லாம் அவர்கள் பட்டறை வேலை மாதிரிப் பேசினார்கள்.

“டேங்க்குல எறங்குற மாதிரிதாங்க்கா” என்று அய்யப்பன் எனக்கு விளக்கினான். கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் வெல்டிங் செய்ய இறங்கும் முன்னால் உள்ளே காற்று எப்படி இருக்கிறது என்று மீட்டர் விட்டுப் பார்ப்பார்களாம். சரியில்லை என்றால் காற்றாடி வைத்துவிட்டு, வெளியே உட்கார்ந்து காத்திருப்பார்களாம். “மூடியத் தொறந்ததும் குதிச்சா ஆளு காலி. இந்தக் குமாரு குதிச்சுட்டான்.”

அய்யப்பன் என்னைவிடப் பெரியவன் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் குமரேசனின் அக்கா என்பதால் அங்கே முத்து அண்ணனைத் தவிர எல்லோருக்கும் நான் அக்காதான். புளிச்சோற்றில் நிலக்கடலையைப் பொறுக்கிப் பொறுக்கி இனியாவுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். தொண்டையில் சிக்கிக்கொள்ளுமே என்று நான் ஒவ்வொன்றையும் வாங்கிக் கடித்துப் பாதியாக்கிக் கொடுத்தேன். குமரேசன் மட்டும் ஓரமாக, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். கிளம்பும் வரை அவள் அவனிடம் போகவில்லை.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் போன் வந்தது. இனியா திரையில் முத்தம் கொடுத்துவிட்டு, “மாமா, இன்னைக்கி ஒரு ஆளு என்னையத் தூக்க வந்தான்” என்று புகார் சொன்னாள்.

“யாரும்மா அவன்? மாமா என்னன்னு கேக்குறேன்” என்றான் குமரேசன்.

அடுத்த ஞாயிறுதான் அவனுக்கு மிச்சமிருந்த ஒரே ஓய்வு நாள். அதற்கடுத்த செவ்வாய் எங்களுக்கு விமானம். மடியில் உட்காராத பிள்ளைக்கு மாமன் மடியில் காது குத்துவது எப்படி? திங்கட்கிழமை முழுவதும் இதையே யோசித்தேன். என் கணவரைக் கூப்பிட்டால், “அழுதா அழுதுட்டுப் போறா, ரெண்டு பேரு புடிச்சுக்கிட்டா ஒரு நிமிஷம்” என்றார். அப்படிக் கட்டிப்பிடித்துக் குத்துவதற்குப் பெரியப்பா மகன் போதுமே, கடல் தாண்டி எதற்கு வந்தேன்?

செவ்வாய்க்கிழமை மழை. கீழே காப்பிக் கடையில் இனியாவுக்கு அரைவேக்காட்டு முட்டை வாங்கிக் கொடுத்தேன். ஊரில் முட்டையைக் கண்டால் வாயை மூடிக்கொள்பவள், இங்கே சோயாச் சாறு ஊற்றிக் கரண்டியால் குடித்தாள். பச்சையாக இருக்கிறதே, வயிற்றுக்கு ஆகுமா என்று சாயங்காலம் வரை அவள் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். லிஃப்ட்டில் ஒரு சீனப் பாட்டியம்மா இனியாவின் காதைச் சுட்டிக்காட்டி என்னமோ கேட்டார். நசீமா அக்கா சீனத்தில் இரண்டு வார்த்தை சொல்லிச் சமாளித்தார். பிறகு எனக்குச் சொன்னார்: “தோடு இல்லாத இந்தியப் பொண்ண இப்பதான் பாக்குறாங்களாம். பையனான்னு கேக்குறாங்க.” இங்கேயுமா என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை வேலை முடிந்து ஏழரை மணிக்குப் பூன் லேயில் உணவுக்கடைத் தொகுதிக்கு வந்துவிடுவதாகக் குமரேசன் சொன்னான். அவன் தங்கும் விடுதி அதற்குப் பக்கம்; விடுதிக்குள் எங்களைப் போன்றவர்களை விட மாட்டார்கள். நசீமா அக்கா பேருந்து எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். எண் சரியாகத்தான் பார்த்தேன். ஏறினேன், உட்கார்ந்தேன், மரங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் எழுந்து வந்து, “அம்மா, பஸ் முடிந்துவிட்டது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அது பூன் லே இல்லை. சாலையின் எந்தப் பக்கம் நின்று ஏற வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஊரில் பேருந்தின் நெற்றியில் இருக்கும் பெயரையும், நடத்துநரின் குரலையும் நம்பியே முப்பது வருடம் வாழ்ந்துவிட்டேன். இங்கே நடத்துநரே இல்லை.

முழுத் தூரமும் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி நேரம் தாமதம். இனியா என் தோளில் தூங்கிவிட்டாள். குமரேசன் மேசையில் மூன்று தட்டு வைத்துக் காத்திருந்தான். மீ கோரெங் ஆறிக் கெட்டியாகியிருந்தது. சிவப்பாக இருந்த அந்த நூடுல்ஸை, காரம் அதிகம், பிள்ளைக்கு ஆகாது என்று நான் தள்ளி வைத்தேன். பிறகு பசியில் நானே மூன்று தட்டில் இரண்டைத் தின்றேன்.

“விடுக்கா, தூங்கட்டும்” என்றான். எழுப்பவில்லை. எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தான். அவள் பாதத்தை ஒற்றை விரலால் தொட்டான். அந்தக் கை முழுக்க வெல்டிங் பொறி பட்ட சின்னச் சின்னத் தழும்புகள். “போன்ல இவ்ளோ நீளமாத் தெரியலக்கா” என்றான். பட்டறைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லாரி காலையில் ஐந்து மணிக்கு வரும் என்பதால் சீக்கிரம் எழுந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் நசீமா அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. “எதிர்ப் பக்கம் நின்னு ஏறிட்டு, கடைசியில எறங்கி அழுவுறவங்க வாரத்துக்கு ஒருத்தராச்சும் என் பஸ்ல இருப்பாங்க. நீங்க மட்டும்னு நெனைக்காதீங்க லா.”

வெள்ளிக்கிழமை மறுபடி பூன் லே. சரியான பக்கத்தில் நின்று, ஏறும்போது ஓட்டுநரிடம் இரண்டு முறை கேட்டு, போய்ச் சேர்ந்தேன். இந்த முறை முத்து அண்ணனும் வந்திருந்தார். திட்டம் அவருடையது. குமரேசன் இரண்டு மேசை தள்ளி ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார வேண்டும். அங்கிருந்து போனில் கூப்பிட வேண்டும். பேச்சு நடக்கும்போதே மெதுவாக அடுத்த மேசைக்கு, பிறகு இந்த மேசைக்கு.

போன் அடித்தது. இனியா சிரித்தாள். இரண்டு போனும் பக்கத்தில் இருந்ததால் கீச்சென்று ஓர் ஊளை. தேநீர்க் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். குமரேசன் எழுந்து ஐந்து மேசை தள்ளிப் போனான். ஊளை நின்றது.

“இனியா, இன்னைக்கி என்ன சாப்ட்ட?”

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். “மாமா, மயிலு எங்க?” என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை. குமரேசனுக்கும் புரியவில்லை. முத்து அண்ணன்தான் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அவர்கள் விடுதியில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர்; அடுக்குக் கட்டில்கள். கீழ்க் கட்டில்காரர்கள் மேல் கட்டிலின் கம்பியிலிருந்து ஒரு விரிப்பைத் தொங்கவிட்டுத் தடுப்புக் கட்டிக்கொள்வார்கள். அதற்குள் இருப்பதுதான் அவரவர் வீடு. குமரேசன் கட்டியிருப்பது ஊதா நிறத்தில் மயில் போட்ட விரிப்பு. தினமும் சாயங்காலம் அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் பேசுவான். இனியாவுக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்ததே அந்த மயில்களை வைத்துத்தான். அவளுக்கு மாமா என்றால் மீசையும் அழுக்குப் பனியனும் பின்னால் மயில்களும். அந்த மூன்றும் இல்லாத ஒருவன் புதுச் சட்டை போட்டு வந்து கையை நீட்டினால்?

குமரேசன் போனை அணைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். இனியா இறங்கிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு மீன் ரொட்டி தின்றுகொண்டிருந்த முத்து அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“என்னையத் தவிர எல்லார்கிட்டயும் போறா” என்று அங்கிருந்தே சொன்னான் குமரேசன்.

“நான் யாருக்கும் மாமன் இல்லடா, எனக்கென்ன பயம்? ஒனக்குப் பயம். அது புள்ளைக்குத் தெரியும்” என்றார் முத்து அண்ணன். பிறகு என்னிடம், “டீச்சரம்மா, ஞாயித்துக்கெழம மயிலக் கொண்டாந்துருவோம். இவன் மீசைதான் அதுக்குள்ள எவ்வளவு மொளைக்குமோ, தெரியல.”

சனிக்கிழமை நசீமா அக்கா அவர் ஓட்டும் பேருந்திலேயே எங்களை ஏற்றிக்கொண்டார். முன் இருக்கையில் உட்கார்ந்து ஒரு சுற்று முழுக்கப் போனோம். இறங்கும் ஒவ்வொருவருக்கும் இனியா டாட்டா காட்டினாள். பாதிப்பேர் திருப்பிக் காட்டினார்கள். சுற்று முடிந்ததும் ஓட்டுநர்கள் சாப்பிடும் இடத்துக்குப் போனோம். ஒரு மலாய் ஓட்டுநர், பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு சின்ன வயதில் வலி என்று கேட்டாராம். நசீமா அக்கா சொன்ன பதிலை எனக்கும் தமிழில் சொன்னார்: “வலி புள்ளைக்கு இல்ல, அவங்க அம்மாவுக்குத்தான், பத்து நாளா குத்திக்கிட்டு இருக்குன்னு சொன்னேன் லா.” எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வருவதற்காக ஓய்வு நாளை மாற்றியிருந்தார்.

ஞாயிறு பிற்பகல். தேக்காவில் ஒரு நகைக்கடையின் மாடியில் பத்தர் ஒருவர் இருக்கிறார். காரைக்குடிக்காரர். இயந்திரத்தால் சுடாமல் கம்பியால் குத்துவார் என்று முத்து அண்ணன் சொல்லி வைத்திருந்தார். பத்துக்குப் பத்து அறை, ஒரு பாய், ஒரு மேசை விளக்கு. நான் இனியாவைக் கீழே நசீமா அக்காவிடம் விட்டுவிட்டு மேலே எட்டிப் பார்த்தேன்.

குமரேசன் பாயில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பழைய பனியன், மேலே எட்டு நாள் மீசை. அவனுக்குப் பின்னால் அய்யப்பனும் முத்து அண்ணனும் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து மயில் விரிப்பை உயர்த்தி நின்றார்கள்.

“துவைச்சு அயர்ன் பண்ணிக் கொண்டாந்திருக்கான் பாருங்க, அறிவு கெட்டவன். வாசனையே போயிருக்கும்” என்றார் முத்து அண்ணன்.

“போன்ல வாசனை எங்கண்ணே போச்சு?” என்றான் குமரேசன்.

பத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார். “காது குத்த வந்தீங்களா, கூத்துப் போட வந்தீங்களா? திரையெல்லாம் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க.”

“ராஜா வேஷம் உக்காந்துட்டாரு, இளவரசிதான் இன்னும் வரல” என்றான் அய்யப்பன்.

கீழே போய் இனியாவைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டேன். நசீமா அக்காவும் பின்னால் ஏறி வந்தார். யாரும் கையை நீட்டவில்லை. குமரேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என் சேலையைப் பிடித்தபடி விரிப்பைப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டி, “ஒண்ணு, ரெண்டு, நாலு” என்றாள். மூன்றை அவள் எப்போதும் விட்டுவிடுவாள்.

“இனியா, இன்னைக்கி என்ன சாப்ட்ட?” என்றான் குமரேசன், தலையைத் தூக்காமல்.

“முட்ட.”

“மாமாவுக்கு?”

“காலி.”

சேலையை விட்டாள். நடந்து போய் அவன் முகத்தைக் குனிந்து பார்த்தாள். முளைத்துக்கொண்டிருந்த மீசையை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தாள். அப்புறம் மயில்களை இன்னும் கிட்டத்தில் எண்ணுவதற்காகவோ என்னவோ, அவன் மடியில் ஏறி நின்றாள். அவன் இடுப்பைப் பிடித்து உட்கார வைத்தான். உட்கார்ந்தாள். நசீமா அக்கா என் முழங்கையைக் கிள்ளினார்.

பத்தர் சந்தனப் பொட்டு வைத்து, ஒரு நொடியில் முதல் காதைக் குத்திவிட்டார். இனியா ஒரு கணம் திகைத்தாள். அப்புறம் அந்தத் தெருவுக்கே கேட்கும்படி அலறிக்கொண்டு மடியிலிருந்து துள்ளி இறங்கினாள். “ரெண்டாவது காதுதான் எப்பவும் பாடு” என்றார் பத்தர். நான் பாயின் ஓரத்தில் முழங்காலிட்டு இரண்டு கைகளையும் விரித்தேன். வலி வந்தால் என்னிடம்தானே வருவாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. விரிப்பின் அடியைத் தூக்கி, அதற்குப் பின்னால் ஓடிவிட்டாள். போனில் தினமும் பார்த்த வீடு அந்தத் துணிக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். அங்கே சுவரும் மூன்றடி இடமும் ஒரு முக்காலியும்தான் இருந்தன. குமரேசனும் அவள் பின்னாலேயே குனிந்து உள்ளே போய்விட்டான்.

அழுகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. உள்ளே அவன் என்னமோ சொன்னான். அவள் விக்கிக்கொண்டே பதில் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

பத்தர் என்னைப் பார்த்தார். நான் முத்து அண்ணனைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார். பத்தர் கம்பியையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு குனிந்து விரிப்புக்குப் பின்னால் போனார். அங்கே சுவரைப் பார்த்துத்தான் உட்கார முடியும்; முகம் மேற்கே இருக்கும். கிழக்குப் பார்த்துத்தானே குத்தினீர்கள் என்று மாமியார் கேட்பார். சொல்ல வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். உள்ளே போய்ப் பார்த்தால் என்ன என்று ஒரு கால் எடுத்தேன். என்னைக் கண்டால் அவள் மறுபடி அழுவாள்.

அந்த நேரம் பார்த்து அய்யப்பனின் போன் அடித்தது. சாயங்கால ஷிப்டுக்கு அவனை ஏற்றிப்போகும் லாரி தெருமுனைக்கு வந்துவிட்டது. “அக்கா, இதப் புடிங்க, நான் ஓடணும்” என்று விரிப்பின் மூலையை என் கையில் திணித்துவிட்டுப் படியில் இறங்கினான்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். துணி கெட்டியாக, கனமாக இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து விளக்கு வெளிச்சம் மயில்களுக்கு நடுவில் தெரிந்தது. ஒரு பெரிய நிழல், அதன் மடியில் ஒரு சின்ன நிழல். பத்தரின் கை நிழல் கிட்டே வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“மாமா!” என்று ஒரு கத்தல்.

“அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு. மாமா இருக்கேன். முடிஞ்சிருச்சு.”

அப்புறம் துணியில் முகம் புதைத்தது மாதிரி அமுங்கிய அழுகை. அது விரிப்பு இல்லை, அவன் பனியன்.

“ஏ ஆத்தா, ஒன் பக்கம் எறங்குது பாரு. தூக்கிப் புடி, அவங்க வெளிய வர்ற வரைக்கும்” என்று என்னிடம் சொன்னார் முத்து அண்ணன்.

தூக்கிப் பிடித்தேன்.